கைக்குழந்தை போட்டோவுக்கு 50 ஆயிரத்துக்குள்ள என்ன கேமரா?

நீங்க கேட்டதை முதல்ல ஒரு தடவை சொல்லிடறேன், பதில் முழுக்க அதை வச்சுதான் போகப்போகுது. முதல் குழந்தை, இப்ப நாலு மாசம், வர்ற தை மாசம் குலதெய்வம் கோயில்ல மொட்டை அடிச்சு காது குத்தப் போறீங்க. பட்ஜெட் 50 ஆயிரம், அதுக்கு மேல வீட்ல சாங்ஷன் ஆகாது. ஃபோன்ல வெளிய எடுத்தா நல்லா வருது, வீட்டுக்குள்ள எடுத்தா கையும் காலும் கலங்கிப் போகுது. கடைக்காரர் ரெண்டு லென்ஸு, பேகு, 16 ஜிபி கார்டு எல்லாம் சேர்த்து ஒரு டிஎஸ்எல்ஆர் (லென்ஸு மாத்தற, உள்ள கண்ணாடி வச்ச பெரிய கேமரா) காம்போவைக் காட்டி, இதை விட்டா கிடைக்காதுங்கறார், வாங்கிடலாமா?

வேணாம்.

அந்த கேமரா மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. ஆனா அந்த காம்போல வர்ற ரெண்டு லென்ஸையும் பாருங்க, ஒண்ணு 18-55, இன்னொண்ணு 55-250 இல்லன்னா 70-300 எம்எம் ஆ இருக்கும், நம்பர் பெருசாக ஆக தூரத்துல இருக்கறது கிட்டத் தெரியும். ரெண்டாவது லென்ஸு மரத்து மேல இருக்கற குருவிக்கு, ஸ்கூல் ஆண்டு விழால கடைசி வரிசைல உக்காந்து ஸ்டேஜை எடுக்கறதுக்கு. உங்க குழந்தை அடுத்த ஒரு வருஷத்துக்கு உங்ககிட்ட இருந்து ஆறடி தாண்டிப் போகாது, போனா நீங்கதான் ஓடிப் போய் தூக்கிட்டு வரணும், அதுக்கு எதுக்கு 250 எம்எம்? முதல் லென்ஸு பகல்ல பரவால்ல, ஆனா 55க்கு ஜூம் பண்ணா எஃப் 5.6தான் கிடைக்கும், உங்க பிரச்சனையே அங்கதான் இருக்கு.

எஃப் நம்பர்ங்கறது லென்ஸுக்குள்ள இருக்கற ஓட்டை எவ்ளோ தொறக்குதுங்கற கணக்கு, நம்பர் சின்னதா ஆக ஆக ஓட்டை பெருசு, வெளிச்சம் ஜாஸ்தி. 5.6க்கும் 1.8க்கும் நடுவுல கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் வித்தியாசம். சாயங்காலம் ஒரு டியூப்லைட் மட்டும் எரியற ரூம்ல, ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை எவ்ளோ கூட்டிக் காட்டுதுங்கற அளவை, 3200ல வச்சாலும் எஃப் 5.6ல ஷட்டர், அதாவது வெளிச்சம் விடற கதவு தொறந்திருக்கற நேரம், சுமாரா செகண்ட்ல 30ல ஒரு பங்குக்கு வந்து நிக்கும். கையைக் காலை உதைக்கற குழந்தைக்கு குறைஞ்சது 200ல ஒரு பங்கு வேணும், தவழ ஆரம்பிச்சா அதுக்கும் மேல. அதே ரூம்ல அதே ஐஎஸ்ஓல எஃப் 1.8 லென்ஸு மாட்டினா 300ல ஒரு பங்கு கிடைச்சிடும். பாடிக்கு, அதாவது லென்ஸு இல்லாத வெறும் கேமராவுக்கு, எவ்ளோ கொட்டினாலும் இந்த வித்தியாசத்தை அவ்ளோ சுலபமா கொண்டு வர முடியாது, பத்தாயிரம் ரூபா லென்ஸு கொண்டு வந்துடும்.

இந்த இடத்துல கடைல ஒண்ணு சொல்வாங்க, சார் லென்ஸ்லயே ஸ்டெபிலைசேஷன் இருக்கு, ஆடவே ஆடாதுன்னு. கேனான்ல ஐஎஸ், நிக்கான்ல விஆர், சோனில ஓஎஸ்எஸ்னு லென்ஸு மேலயே எழுதியிருக்கும். அது உங்க கை ஆடறதைத்தான் நிறுத்தும். குழந்தை ஆடறதை எந்த லென்ஸாலயும் நிறுத்த முடியாது, ஷட்டர் வேகத்தாலதான் முடியும்.

ஃபோன்ல ஏன் கலங்குதுன்னா அதோட சென்சார், அதாவது படத்தைப் பிடிக்கற சில்லு, விரல் நகம் சைஸுக்குள்ள அடங்கிடும், வெளிச்சம் பத்தாம நாலஞ்சு ஃபிரேமை அடுத்தடுத்து எடுத்து ஒண்ணா ஒட்டி ஒரு போட்டோவா குடுக்குது, தூங்கற குழந்தைக்கு அது அட்டகாசமா வரும், முழிச்சிருக்கற குழந்தைக்கு ஒட்டற இடத்துல எல்லாம் குளறிடும். நான் சொல்லப்போற கேமரால கடைசியா வர்ற ஒண்ணைத் தவிர எல்லாத்துலயும் சென்சார் ஏபிஎஸ்-சி சைஸு, ஏறக்குறைய 24க்கு 16 எம்எம். அதுக்காக ஃபோனைத் தூக்கிப் போடாதீங்க. பகல் வெளிச்சத்துல, வீடியோ எடுக்க, பாட்டிக்கு உடனே அனுப்ப ஃபோனை விட எதுவும் இல்ல. கேமரா வேணும்னு நான் ஒத்துக்கறதே வீட்டுக்குள்ள, நகர்ற குழந்தைங்கற ஒரே காரணத்துக்குத்தான்.

சரி, என்ன லென்ஸு. எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு 50 எம்எம் எஃப் 1.8 வாங்குன்னு சொல்வாங்க, கேனான்ல ஈஎஃப் 50 எஸ்டிஎம் பத்தாயிரம் ரேஞ்சுல கிடைக்கறதால. நல்ல லென்ஸுதான், முகம் மட்டும் எடுக்க அருமை. ஆனா கேனானோட ஏபிஎஸ்-சி பாடில அது 80 எம்எம் மாதிரி பார்வை குடுக்கும், குழந்தைகிட்ட இருந்து ஏழடி தள்ளி நின்னாலும் மூணடி அகலம்தான் ஃபிரேமுக்குள்ள விழும். நம்ம ஊரு பெட்ரூம்ல கட்டில், பீரோ, தூளி கட்டின கொக்கி எல்லாம் போக ஏழடி தள்ளி நிக்க எங்க எடம் இருக்கு, சுவத்துல முதுகை ஒட்டிக்கிட்டு நின்னாலும் அம்மா மடியும் குழந்தையும் சேர்ந்து விழாது. அதனால ரூம்ல எடுக்கறதா இருந்தா 24ல இருந்து 35 எம்எம்க்குள்ள பாருங்க. கேனானுக்கு ஈஎஃப்-எஸ் 24 எம்எம் எஃப் 2.8, தட்டையா சின்னதா இருக்கும், அதே ஏழடில ஆறடிக்கு மேல அகலம் விழும், வெளிச்சம் 1.8 அளவுக்கு வராது ஆனா 5.6ஐ விட நாலு மடங்கு. நிக்கான் டிஎஸ்எல்ஆருக்கு டிஎக்ஸ் 35 எம்எம் எஃப் 1.8ஜி, என்னைக் கேட்டா குழந்தை இருக்கற வீட்டுக்கு இந்த விலைல இதை விட பொருத்தமான லென்ஸு கம்மி. சோனிக்கு சிக்மா 30 எம்எம் எஃப் 1.4 டிசி டிஎன், இது விலை கொஞ்சம் தூக்கும், செகண்ட் ஹேண்ட்ல தேடுங்க.

ஒரு எச்சரிக்கை, நிக்கான் டி3500, டி5600 மாதிரி பாடிக்குள்ள ஃபோகஸ் மோட்டார் கிடையாது. கடைல சீப்பா 50 எம்எம் 1.8 டின்னு ஒண்ணு குடுப்பாங்க, அது இதுல ஆட்டோ ஃபோகஸே ஆகாது. ஏஎஃப்-எஸ்னு எழுதியிருக்கறதா பாத்து வாங்கணும்.

இப்ப பாடி. மெகாபிக்சலை மறந்துடுங்க, ஸ்டுடியோல பெருசா போடற 12க்கு 18 இஞ்ச் பிரிண்டுக்கே 20 மெகாபிக்சலுக்குள்ள போதும், பத்து வருஷமா வர்ற பாடி பெரும்பாலும் 24 தர்றான். பாக்க வேண்டியது ஃபோகஸ் மட்டும்தான். எஃப் 1.8ல மூணடி தூரத்துல எடுத்தா ஒண்ணு ரெண்டு இஞ்ச் ஆழம்தான் ஷார்ப்பா இருக்கும், மூக்குல ஃபோகஸ் ஆச்சுன்னா கண்ணு மங்கிடும், அதனால கண்ணைத் தேடிப் பிடிக்கற பாடியா இருந்தா நிம்மதி.

உங்களுக்கு காட்டின காம்போ பெரும்பாலும் கேனான் 1500டி ஆ இருக்கும். 2018ல வந்தது, வ்யூஃபைண்டர் (கண்ணை வச்சுப் பாக்கற ஜன்னல்) வழியா 9 பாயிண்ட் ஃபோகஸ், ஸ்க்ரீன்ல பாத்து எடுத்தா ஃபோகஸ் முன்னயும் பின்னயும் தடவித் தடவி நிக்கறதுக்குள்ள குழந்தை சிரிச்சு முடிச்சு அழ ஆரம்பிச்சிடும். டச் ஸ்க்ரீன் கிடையாது, ஸ்க்ரீன் திரும்பவும் செய்யாது. இதுக்கு பதிலா அதே கேனான்ல 200டி மார்க் 2, 2019ல வந்தது, செகண்ட் ஹேண்ட்ல பாருங்க. இதுல ஸ்க்ரீனை வெளிய இழுத்து திருப்பிக்கலாம், தரையோட தரையா கேமராவை வச்சுக்கிட்டு மேல இருந்து பாத்து எடுக்கலாம், ஸ்க்ரீன் வழியா எடுக்கும்போது டூயல் பிக்சல் ஃபோகஸ் கண்ணையே பிடிக்கும். தவழற குழந்தையை அது கண்ணு மட்டத்துல எடுத்தாதான் அழகு, நின்னுக்கிட்டு எடுத்தா மண்டையும் தரையும்தான் வரும். முதுகு வலிக்கற அப்பாக்களுக்கு அந்த திரும்பற ஸ்க்ரீன் ஒண்ணே காசுக்கு ஈடு.

புதுசுதான் வேணும், வாரண்டி இல்லாம தூக்கம் வராதுன்னா கேனான் ஆர்100 இருக்கு, மிரர்லெஸ் (உள்ள கண்ணாடி இல்லாத ரகம்), 2023ல வந்தது. கண்ணைப் பிடிக்கற ஃபோகஸ் இருக்கு, எடை கம்மி. ஆனா டச் கிடையாது, ஸ்க்ரீன் அசையாது, 4கே வீடியோ எடுத்தா ஃபிரேம் வெட்டுப்படும். கிட் லென்ஸு, அதாவது பாடியோடயே சேத்துக் குடுக்கறது, 18-45, அது ஜூம் பண்ணா எஃப் 6.3க்கு போயிடும், 5.6ஐ விட மோசம். இதுக்கு மேல தனியா லென்ஸு வாங்க உங்க பட்ஜெட்ல ஒண்ணும் மிஞ்சாது, அதான் எனக்கு இதுல மனசு வரல. இதோட அண்ணன் ஆர்50, அதே வருஷம் வந்தது, டச், திரும்பற ஸ்க்ரீன், ஃபோகஸ் வேற லெவல், ஆனா கிட் லென்ஸோட உங்க 50ஐ தாண்டிடும். மாமனார் வீட்ல இருந்து கொஞ்சம் சேந்தா யோசிங்க.

சோனில ஏ6000, 2014 மாடல், பழசுன்னு சிரிக்காதீங்க, செகண்டுக்கு 11 போட்டோ எடுக்கும், முகத்தை நல்லாவே பிடிக்கும், கைக்குள்ள அடங்கும். கண்ணை விடாம துரத்தற வித்தை 2019ல வந்த ஏ6100, ஏ6400லதான் சேந்துச்சு, ஏ6100 நல்ல விலைக்கு கிடைச்சா விடாதீங்க. இசட்வி-ஈ10 நிறைய பேர் விக்கறாங்க, அது வீடியோ எடுக்கறவங்களுக்குன்னு செஞ்சது, வ்யூஃபைண்டரும் இல்ல ஃப்ளாஷும் இல்ல, வெயில்ல ஸ்க்ரீன் தெரியாது. நிக்கான்ல டி5600 செகண்ட் ஹேண்ட், 39 பாயிண்ட் ஃபோகஸ், மேல சொன்ன 35 எம்எம்மோட சேத்தா 50க்குள்ள அடங்கி மிச்சமும் பிடிக்கலாம், ஆனா வ்யூஃபைண்டர்ல கண்ணை வச்சு எடுக்கப் பழகணும், ஸ்க்ரீன் வழியா ஃபோகஸ் மந்தம். உங்க வீட்டம்மா எப்படி எடுப்பாங்கன்னு யோசிச்சு முடிவு பண்ணுங்க, பகல் முழுக்க குழந்தையோட இருக்கறது அவங்கதானே, நல்ல நல்ல தருணம் எல்லாம் நீங்க ஆபீஸ்ல இருக்கும்போதுதான் நடக்கும். அவங்களுக்கு ஃபோன் மாதிரி ஸ்க்ரீன்ல பாத்து தொட்டு எடுக்கறதுதான் வசதின்னா நிக்கானை விட்டுட்டு 200டி மார்க் 2க்கு வந்துடுங்க.

லென்ஸு மாத்தறதே தலைவலின்னா சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3ன்னு ஒரு சின்ன கேமரா, 2014ல வந்தது. ஒரு இஞ்ச் சென்சார், லென்ஸு எஃப் 1.8ல இருந்து 2.8, டயபர் பேக்ல ஒரு ஓரமா கிடக்கும். சென்சார் சின்னதுங்கறதால ஏபிஎஸ்-சி அளவுக்கு வராது, ஆனா பீரோல பூட்டி வச்ச பெரிய கேமராவை விட பேக்ல இருக்கற சின்ன கேமரா எவ்ளோவோ மேல்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது ரெண்டு விஷயம் முக்கியம், ஷட்டர் கவுண்டும் ஃபங்கஸும். இந்த ரேஞ்சு டிஎஸ்எல்ஆர் ஷட்டரை பொதுவா ஒரு லட்சம் க்ளிக் வாக்குல கணக்கு சொல்வாங்க, கல்யாண போட்டோகிராபர் வச்சிருந்த பாடின்னா ஒரு சீசன்லயே அதுல பெரும்பங்கு தீந்திருக்கும். நிக்கான்ல எடுத்த ஜேபெக் ஃபைலுக்குள்ளயே எண்ணிக்கை ஒளிஞ்சிருக்கும், ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி பாத்துக்கலாம். கேனான்ல பெரும்பாலும் ஃபைல்ல வராது, சர்வீஸ்ல இல்லன்னா தனி சாஃப்ட்வேர்ல பாக்கணும். லென்ஸை பாடில இருந்து கழட்டி, ஒரு பக்கம் இருந்து ஃபோன் டார்ச்சை அடிச்சு மறுபக்கம் பாருங்க, வெள்ளையா நூல் நூலா சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா அது ஃபங்கஸ், எவ்ளோ கம்மி விலைன்னாலும் திருப்பிக் குடுத்துட்டு வந்துடுங்க. சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம்னு கடலோரத்துல இருந்து வர்ற லென்ஸுன்னா ரெண்டு தடவை பாருங்க. சோனி வாங்கறதா இருந்தா மெனுல மொழி மாத்திப் பாருங்க, ஜப்பான் உள்ளூர் மார்க்கெட்டுக்கு செஞ்ச சோனி பாடி பலதுல ஜப்பான் மொழி மட்டும்தான் இருக்கும், அதை வாங்கிட்டு வந்து எந்தப் பட்டன் என்ன சொல்லுதுன்னு தெரியாம உக்காந்திருக்க வேண்டியதுதான். பில் இல்லாத புதுப்பொருளும் வேணாம், இங்க இருக்கற கம்பெனி சர்வீஸ்ல வாரண்டின்னு நிக்க முடியாது.

வாங்கினப்புறம் நீங்களும் அதைப் பீரோல துணிக்கு நடுவுல வைக்காதீங்க. இறுக்கமா மூடற பிளாஸ்டிக் டப்பா, உள்ள சிலிக்கா ஜெல், அவ்ளோதான். அந்த ஜெல் பாக்கெட் குழந்தை கைக்கு எட்டக்கூடாது, நேரா வாய்க்குத்தான் போகும், லென்ஸ் மூடியும் அப்படியே.

செட்டிங்ஸ் பத்தி நிறைய படிச்சு குழம்பாதீங்க. கேனான்ல டயலை Tvன்னு எழுதின இடத்துக்கு திருப்புங்க, நிக்கான், சோனில S, ஷட்டர் வேகத்தை நாம வைக்கற மோடு அது. ஷட்டர் 200ல ஒரு பங்கு, ஐஎஸ்ஓ ஆட்டோ, தொடர்ந்து எடுக்கற பர்ஸ்ட் ஆன். வெளிச்சம் கம்மின்னா லென்ஸு தானா முழுசா தொறந்துக்கும். தூங்கும்போது மட்டும் 60க்கு இறக்கிக்கங்க. போட்டோல புள்ளி புள்ளியா நாய்ஸ் வந்தா கவலைப்படாதீங்க, புள்ளி இருக்கற போட்டோவை பிரிண்ட் போட்டா தெரியவே தெரியாது, கலங்கின போட்டோவை ஒண்ணும் பண்ண முடியாது.

நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், அதனால சோக்கு போட்ட டியூப்லைட்டும் மட்டமான எல்இடி பல்பும் செகண்டுக்கு 100 தடவை மினுங்கும், கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 200ல எடுக்கும்போது ஒரு போட்டோ வெளிச்சமாவும் அடுத்தது மஞ்சளாவும் வந்தாலோ குறுக்க பட்டை பட்டையா விழுந்தாலோ கேமரா ரிப்பேர்னு நினைக்காதீங்க, ஷட்டரை 100க்கு இறக்கினா சரியாயிடும். குழந்தை முழிச்சிடும்னு மிரர்லெஸ்ல சைலன்ட் ஷட்டர் போடுவீங்க பாருங்க, அப்பதான் இந்தப் பட்டை ரொம்ப வரும்.

எல்லாத்தையும் விட லாபம் ஜன்னல். காலைல எட்டு ஒம்போது மணிக்கு, நேர் வெயில் விழாத ஜன்னல் பக்கத்துல பாயைப் போட்டு குழந்தையைப் படுக்க வைங்க, டியூப்லைட்டை அணைச்சிடுங்க, ரெண்டு வெளிச்சமும் கலந்தா ஒரு கன்னம் நீலமாவும் ஒரு கன்னம் மஞ்சளாவும் வரும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை வேட்டியை நாற்காலி மேல விரிச்சு வைங்க, நிழல் பக்கம் இருக்கற கன்னமும் தெளிஞ்சிடும். வீட்டுச் சுவரு கிளிப்பச்சை, ரோஸ்னு அடிச்சிருந்தா அந்தக் கலரு குழந்தை தோல்ல ஏறும், அங்கயும் வேட்டிதான் கை குடுக்கும். சேலைத் தூளிக்குள்ள எடுக்கும்போதும் இதே கதை, சிவப்புச் சேலைன்னா குழந்தை சிவந்துடும், வெளுத்த பருத்திச் சேலை கட்டின அன்னிக்கு எடுங்க.

ஃப்ளாஷை குழந்தை முகத்துக்கு நேரா அடிக்காதீங்க, திடுக்கிட்டு முழிக்கும், படமும் தட்டையா வரும். ஃப்ளாஷ் வேணும்னா தனியா ஒண்ணு வாங்கி வெள்ளை சீலிங்கைப் பாத்து திருப்பி அடிக்கணும், இப்போதைக்கு அதுக்கு செலவு பண்ண வேணாம். ஆனா ஃப்ளாஷ் சம்பந்தமா எல்லா பெத்தவங்களும் தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. ஃப்ளாஷ் போட்ட போட்டோல ரெண்டு கண்ணும் சிவப்பா வர்றது சாதாரணம், ஒரு கண்ணு மட்டும் திரும்பத் திரும்ப வெள்ளையா மின்னுச்சுன்னா தள்ளிப் போடாம குழந்தைகளுக்கான கண் டாக்டர்கிட்ட காட்டுங்க. சில சமயம் போட்டோ எடுத்த கோணத்தால வர்றதா இருக்கும், சில சமயம் கண்புரை, விழித்திரைக் கட்டி மாதிரி சீக்கிரமா பாக்க வேண்டிய விஷயமா இருக்கும்.

மொட்டை அன்னிக்கு நீங்க கேமராவைப் பிடிக்கப் போறதில்ல, அதை இப்பவே ஒத்துக்கங்க. குழந்தை தாய்மாமன் மடில, நீங்க வேட்டியைக் கட்டிக்கிட்டு ஐயருக்கும் பூசாரிக்கும் நடுவுல ஓடிக்கிட்டு இருப்பீங்க. சொந்தத்துல கை நடுங்காத ஒரு பொண்ணையோ பையனையோ பிடிச்சு ஒரு வாரம் முன்னாடியே கேமராவைக் குடுத்து விளையாட விடுங்க. காது குத்தற ஆசாரி கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள முடிச்சிடுவார், பர்ஸ்ட்ல விரலை வச்சுக்கிட்டே இருக்கணும், ஊசி இறங்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும். எடம் முன்னாடியே பாத்து வச்சுக்கங்க, வேப்பமரத்தடில எடுத்தா இலை இடுக்குல விழற வெயிலு முகமெல்லாம் திட்டுத் திட்டா வரும், மண்டபத்து ஓரம், வெயில் படாத தாழ்வாரம் நல்லது. மொட்டைத் தலைல சந்தனம் பூசி வெயில்ல வந்தா படத்துல தலை மட்டும் வெள்ளையா வெளுத்துப் போயிடும், எக்ஸ்போஷரை (படத்தோட வெளிச்ச அளவை) மைனஸ் 0.7க்கு இறக்கிடச் சொல்லுங்க. அன்னிக்கு கூட்டத்தோட குரூப் போட்டோவுக்கு கிட் லென்ஸு வேணும், அதுக்காகத்தான் பாடியோட வர்ற 18-55ஐ வித்துடாதீங்கன்னு சொல்றேன்.

சேத்து வைக்கறதை மட்டும் அலட்சியமா விடாதீங்க. கூகுள் போட்டோஸ் 2021 ஜூன்ல இருந்து இலவசமா 15 ஜிபிக்கு மேல தர்றதில்ல, அதுலயே மெயிலும் சேத்தி, இந்த கேமரால நீங்க எடுக்கற வேகத்துக்கு சீக்கிரமே நிரம்பிடும். ஒரு ஹார்ட் டிஸ்க் உங்க வீட்ல, ஒண்ணு ஊர்ல அப்பா அம்மா வீட்ல. வாட்ஸப்ல சாதாரணமா அனுப்பினா சுருக்கிடும், பெரியப்பா பிரிண்ட் போடணும்னு கேட்டா டாகுமெண்டா அனுப்புங்க.

என் கணக்கு இதுதான், 200டி மார்க் 2 கிட் லென்ஸோட செகண்ட் ஹேண்ட், கூட 24 எம்எம், காசு மிஞ்சினா மட்டும் 50 எம்எம். விலை ஊருக்கு ஊரு மாறும், பாடி ரெண்டு மூணு பாத்து வச்சுட்டு எந்த வருஷம் வாங்கினது, எவ்ளோ க்ளிக், என்ன விலை சொல்றாங்கன்னு மூணையும் சொல்லுங்க, எதை எடுக்கலாம்னு பாத்து சொல்றேன். அந்த காம்போ கடைக்காரருக்கு அட்வான்ஸ் மட்டும் குடுத்துடாதீங்க.